வீட்டில் தியேட்டர் ஓர்கன்: இரண்டு மனுவல், 32 பெடல், ஒரு பழைய கணினி

தியேட்டர் ஓர்கன் ஊமைப்படக் காலத்துக் கருவி. ஒரு முழு வாத்தியக் குழு செய்ய வேண்டிய வேலையை ஒருவரே திரைக்குப் பக்கத்தில் இருந்து செய்து முடிக்கவென்று உருவானது. இங்கிலாந்துக்காரரான ரொபேர்ட் ஹோப்-ஜோன்ஸ் இதன் அடிப்படைகளை வகுத்தார். 1910 இல் அவர் அமெரிக்காவின் வூர்லிட்சர் நிறுவனத்துடன் சேர்ந்த பிறகு கருவி பெரிதாகப் பரவியது. தேவாலயக் குழல் ஓர்கனிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுபவை முக்கியமாக மூன்று: ஒரே குழல் வரிசையைப் பல சுருதிகளில் பங்கிடும் யுனிட் முறை, ஆழமான ட்ரெமுலன்ட் நடுக்கம், எல்லாக் குழல்களையும் அறைக்குள் அடைத்து, அதன் தட்டிகளைக் காலால் திறந்து மூடிச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல். இவை சரியாக அமைந்தால் சாதாரண மேசையில் கட்டினாலும் அது தியேட்டர் ஓர்கன்தான். இவை பிழைத்தால் குதிரை லாட வடிவில் கொன்சோலை, அதாவது வாசிக்கும் கட்டைகள் அடங்கிய பெட்டியை, தேக்கிலே செய்து வைத்தாலும் கலியாண வீட்டுக் கீபோட்டின் சத்தம்தான் வரும்.

ஆகவே வேலை ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் ஒலி, பிறகு பெடல், கடைசியில் அலங்கார மரவேலை. தச்சரிடம் கொன்சோலை முதலில் செய்யக் கொடுத்துவிட்டால் பிறகு வாங்கும் கீபோட் அதற்குள் அடங்காது, பெடல் சட்டத்தின் அகலம் பிழைக்கும், அறுத்துத் திருத்தும்போதே உற்சாகம் போய்விடும்.

தேவையான சாமான்

61 கட்டை கொண்ட இரண்டு கீபோட், யூ.எஸ்.பி. அல்லது மிடி (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் செய்தி முறை) வெளியீடு உள்ளவை. பிள்ளைகள் பழகிவிட்டுக் கிடப்பில் போட்டவை யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் இருக்கும், அவை போதும். 8 ஜி.பி. நினைவகமும் எஸ்.எஸ்.டி. வட்டும் உள்ள, அலுவலகத்தில் பாவித்துக் கழித்த மேசைக் கணினி ஒன்று. தொடுதிரை மொனிட்டர் ஒன்று. பெடலுக்கு நிரல் ஏற்றக்கூடிய ஆர்டுயினோ மெகா 2560 பலகை ஒன்று, காந்தம் நெருங்கினால் மூடும் 14 மி.மீ. கண்ணாடி ரீட் சுவிச் 32, 8 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிப்பும் கொண்ட நியோடிமியக் காந்தம் 32. இரண்டிலும் பத்து மேலதிகமாக வாங்குங்கள், கண்ணாடி உடையும். 220 ஓம் மின்தடை 2, ஐந்து முனை மிடி சொக்கெட் 1, யூ.எஸ்.பி. மிடி வயர் 1. ஸ்வெல்லுக்கு 10 கிலோ ஓம் நேர்கோட்டு வகைப் பொட் (திருகி மாற்றும் மின்தடை) 1. இவற்றில் ஊர்க் கடைகளில் அகப்படாததைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

ஒலி முதலில்

கீபோட் ஒன்று, கணினி, ஹெட்போன். இந்த மூன்றுடன் தொடங்குங்கள். மென்பொருளில் இரண்டு வழி உண்டு. மிடிட்சர் என்பது தியேட்டர் ஓர்கனுக்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள். அதன் 216 வடிவம் இரண்டு மனுவல் (கையால் வாசிக்கும் கட்டை வரிசை) கொண்ட வூர்லிட்சரைப் பின்பற்றியது. ஸ்டொப்புகள், அதாவது எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்று தெரிவுசெய்யும் தாவல்கள், திரையில் லாட வடிவிலேயே நிற்கும். பழைய கணினியிலும் ஓடும். மற்றது கிராண்ட் ஓர்க். இதுவும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மாக் மூன்றிலும் ஓடும். உண்மையான குழல்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்த தொகுதிகளை ஏற்றி வாசிக்கலாம். ஆனால் தேவாலய ஓர்கனுக்கு இருக்கும் அளவுக்குத் தியேட்டர் ஓர்கனுக்கு இலவசத் தொகுதிகள் இல்லை. ஹவுப்ட்வேர்க் மென்பொருளுக்கென்று பூட்டிட்டு விற்கும் தொகுதிகள் கிராண்ட் ஓர்க்கில் திறக்காது. வாங்கும் முன் பாருங்கள். முதல் முறை கட்டுபவர் மிடிட்சரில் தொடங்குவதே நல்லது. பிறகு மென்பொருளை மாற்றினாலும் கட்டிய பெட்டியில் எதையும் மாற்றத் தேவையில்லை.

கீபோட்டின் சொந்தச் சத்தத்தை நிறுத்த அதன் அமைப்பில் 'லோக்கல்' என்பதை ஓப் பண்ணுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் வொலியூமைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள்.

அடுத்தது தாமதம். விண்டோஸின் சாதாரண ஒலி வழியில் விரல் ஒரு நேரமும் சத்தம் ஒரு நேரமுமாக வரும். தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ வகை ட்ரைவரைப் போட்டு, பபரை (ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து அனுப்புவது என்ற அளவு) 256 ஆக வையுங்கள். 48,000 ஹேர்ட்ஸில் 256 என்பது 5.3 மில்லி செக்கன். 1,024 என்றால் 21 மில்லி செக்கன். லினக்ஸில் அதே வேலைக்கு அல்சா அல்லது ஜாக். 128க்கு இறக்க முயன்று வெடிப்புச் சத்தம் வாங்குவதில் பயன் இல்லை. நிஜ ஓர்கனில் குழல் அறை வாசிப்பவரிடமிருந்து பல மீற்றர் தள்ளி இருக்கும். சத்தம் 10 மீற்றர் வரவே கிட்டத்தட்ட 29 மில்லி செக்கன் எடுக்கும். மொத்தத் தாமதம் 15 மில்லி செக்கனுக்குள் நின்று, கூடிக் குறையாமல் இருந்தால் கை தானாகப் பழகிவிடும். கூடிக் குறையும் தாமதத்துக்குத்தான் எந்தக் கையும் பழகாது. அதற்குக் காரணம் பெரும்பாலும் வை-பை அல்லது பின்னணியில் ஓடும் வைரஸ் தடுப்பு மென்பொருள். ஓர்கன் கணினியை இணையத்திலிருந்து கழற்றியே வையுங்கள்.

யுனிட் முறையை விளங்கிக்கொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். ஸ்டொப்புகளின் பெயரில் உள்ள எண்களெல்லாம் இதைத்தான் சொல்கின்றன. 8 அடி ஸ்டொப் என்றால் அழுத்திய கட்டையின் அதே சுருதி. 16 அடி ஒரு ஸ்தாயி கீழே, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 2 அடி இரண்டு ஸ்தாயி மேலே. 2 2/3 அடி 19 அரைச்சுரம் மேலே. அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தேவாலய ஓர்கனில் இவை ஒவ்வொன்றுக்கும் பொதுவாகத் தனிக் குழல் வரிசை. தியேட்டர் ஓர்கனில் ரிபியா (அதன் அடிப்படையான புளூட் வகைக் குழல்) வரிசை ஒன்றுதான். 61 குழலுக்குக் கீழே 12, மேலே 24 சேர்த்து 97 குழல் வைத்தால் அதே வரிசை 16, 8, 4, 2 அடி நான்காகவும் மனுவல் இரண்டிலும் பெடலிலும் தோன்றும்.

இதன் விளைவை ஒரு சோதனையில் கேட்கலாம். ரிபியா 8 அடியையும் 4 அடியையும் மட்டும் போட்டு, ட்ரெமுலன்டை நிறுத்தி, நடு ஸ்தாயி 'சி' கட்டையை அழுத்திப் பிடியுங்கள். அப்படியே அடுத்த 'சி'யையும் அழுத்துங்கள். அதன் 8 அடிக் குழல் கீழ்க் கட்டையின் 4 அடியாக ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே புதிதாக ஒரு குழல்தான் சேர வேண்டும். பொதுவான சின்தசைசரில் ஸ்டொப்புக்கு ஒரு சனல் என்று கட்டினால் அதே ஒலி இருமுறை கூடி அந்தச் சுரம் 6 டெசிபல் வரை துருத்திக்கொண்டு வரும். இனிக் கீழ்க் கட்டையை விடுங்கள். பங்கிட்ட குழல் அறுபடாமல் தொடர வேண்டும். அறுபட்டால் எத்தனை கட்டைகள் அந்தக் குழலைக் கேட்கின்றன என்று மென்பொருள் எண்ணவில்லை என்று பொருள். அப்படியான தொகுதியை வைத்து மினக்கெடாதீர்கள், வேறொன்றைப் பாருங்கள்.

மனுவல்கள்

கீழ் வரிசை அக்கொம்பனிமென்ட், மேல் வரிசை சோலோ. இரண்டையும் வெவ்வேறு மிடி சனலில் வையுங்கள்: கீழ் 1, மேல் 2, பெடல் 3. 61 கட்டையின் மிடி எண் 36 முதல் 96 வரை. கீபோட்டில் 'ஒக்டேவ்' பொத்தான் தவறி அழுத்துப்பட்டால் எல்லாம் 12 தள்ளிப் போகும். சத்தம் விசித்திரமாக வந்தால் முதலில் அதைப் பாருங்கள். கிராண்ட் ஓர்க்கில் திரையில் உள்ள மனுவலின்மேல் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தி, 'கேள்' என்ற கட்டளையைக் கொடுத்து, கட்டையை அழுத்தினால் அது தானாகவே சனலைப் பிடித்துக்கொள்ளும்.

மலிவுக் கீபோட்டில் ஒரு குறையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அவற்றில் ஒரு கட்டைக்கு இரண்டு தொடுகை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து வேகத்தைக் கண்டுபிடிப்பதால், கட்டை அடிவரை போன பிறகே செய்தி புறப்படும். நிஜ ஓர்கனோ பாதி வழிக்கு முன்பே பேசிவிடும். வேகமான ரிப்பீட் வாசிப்பில் இது தெரியும். இதை மாற்றுவதென்றால் கட்டைப் பலகையின் மட்றிக்ஸைச் சொந்தமாக ஸ்கான் பண்ணி முதல் தொடுகையிலேயே செய்தி அனுப்ப வேண்டும். அதைப் பெடல் வேலை முடிந்து கை தேறிய பிறகு பாருங்கள்.

கீபோட்டின் வெளிக்கூட்டைக் கழற்றாமல் அடுக்கினால் மேல் வரிசை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கூட்டை நீக்கி, கட்டைப் பலகையையும் சுற்றுப் பலகையையும் 18 மி.மீ. பிளைவுட்டில் திருகி இறுக்குங்கள். இரண்டு வரிசைக்கும் உயர வித்தியாசம் 6.5 செ.மீ., மேல் வரிசை பின்தள்ளி இருக்க வேண்டியது 10 செ.மீ. பெடலின் வெள்ளைக் கட்டை மேற்பரப்பிலிருந்து கீழ் மனுவலின் வெள்ளைக் கட்டை மேற்பரப்புக்கு 75 செ.மீ. உட்காரும் வாங்கு பெடலிலிருந்து ஏறக்குறைய 52 செ.மீ. உயரம். வீட்டில் வெவ்வேறு உயரத்தில் ஆட்கள் இருந்தால் வாங்கின் காலுக்கடியில் வைக்க மரத்துண்டுகள் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கதிரை சரிவராது, இரண்டு காலும் பெடலில் இருக்கும்போது பின்னால் சாய்வதற்கு இடமே இல்லை.

பெடல்

நேரமும் மரமும் அதிகம் போகும் இடம் இது. அளவான நிஜக் கருவிகளில் பெடல்கள் விசிறிபோல் விரிந்து, நடுவில் குழிந்து இருக்கும். அதற்கு ஒவ்வொரு கட்டைக்கும் தனிக் கோணம் வேண்டும். முதல் கருவிக்கு நேரான தட்டைப் பெடலே போதும்.

25 கட்டையா 32 கட்டையா? வெள்ளைக் கட்டைகள் நடுவுக்கு நடு 63.5 மி.மீ. தூரம். 25இல் வெள்ளை 15, கறுப்பு 10. முதல் நடுவிலிருந்து கடைசி நடுவரை 889 மி.மீ. 32இல் வெள்ளை 19, கறுப்பு 13, 1,143 மி.மீ. 25 செ.மீ. அகலம்தான் வித்தியாசம். அறையில் இடம் இருந்தால் 32 ஆகவே கட்டுங்கள். கறுப்புக் கட்டை இரண்டு வெள்ளைக்கு நடுவே 31.75 மி.மீ.இல் விழும். 'இ'க்கும் 'எப்'புக்கும், 'பி'க்கும் 'சி'க்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியும் அதே 63.5தான்.

கட்டைக்கு 1 அங்குலம் × 2 அங்குலச் சலாகை வாங்கிச் சீவினால் 22 × 45 மி.மீ. வரும். 65 செ.மீ. நீளத்தில் 32 துண்டு; கழிவுடன் 75 அடி எடுங்கள். முதிரை அல்லது தேக்கு நல்லது. வேம்பும் சரி, கறையானும் இலகுவில் நெருங்காது. பனை வேண்டாம். வளை, சலாகைக்கு அதன் பலம் நிகரற்றது; ஆனால் சீவும்போது நார் கிளம்பும், வெறுங்காலில் வாசிப்பவருக்குச் சிராய் ஏறும். அடிச் சட்டத்துக்குப் போடலாம். மரக்காலையிலிருந்து வரும் மரம் ஈரமாயிருந்தால் இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் சில மாதம் காய விடுங்கள். ஓகஸ்ட் வெயிலில் சீவி இறுக்கமாகப் பொருத்தியது ஒக்டோபர் மழையில் ஊதிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கட்டைகள் பக்கவாட்டில் விலகாமல் பிடிக்கும் வழிகாட்டிச் சீப்பின் ஒவ்வொரு பள்ளத்திலும் இரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி விட்டு, உட்பக்கத்தில் மெல்லிய தோல் ஒட்டுங்கள்.

பிணைச்சல் குதிக்கால் பக்கம், வாங்குக்கு அடியில். கதவுப் பிணைச்சல் போட்டால் சில காலத்தில் ஆட்டம் கண்டு கடகடக்கும். பொதி கட்டும் உருக்குப் பட்டியில் 8 செ.மீ. துண்டு வெட்டி, பாதியைக் கட்டையின் அடியிலும் பாதியைப் பின்சட்டத்திலும் இரண்டிரண்டு திருகாணியால் இறுக்குங்கள். நடுவில் 1 செ.மீ. வளைய விடுங்கள். ஒற்றைத் திருகாணி போட்டால் கட்டை பக்கவாட்டில் திரும்பும்.

திரும்பி எழும்புவதற்குச் சுருள்வில். அதைக் கட்டையின் கால்விரல் முனையில், பிணைச்சலிலிருந்து 60 செ.மீ.இல், மேலிருந்து இழுக்கும் விதமாகத் தொங்கவிடுங்கள். கால் அழுத்தும் இடம் பிணைச்சலிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. அங்கே 13 மி.மீ. இறங்கினால் முனையில் 17 மி.மீ. இறங்கும். காலுக்கு 1 கிலோ எதிர்ப்பு வேண்டுமென்றால் முனையில் 750 கிராம், அதோடு கட்டையின் சொந்தப் பாரத்தில் பாதி. எனவே 1 கிலோ இழுவை உள்ள வில் சரி. சோதிப்பது சுலபம்: 1 கிலோ சீனிப் பக்கற்றை அழுத்தும் இடத்தில் வைத்தால் கட்டை அடிவரை போய் நிற்க வேண்டும், எடுத்தால் தயங்காமல் எழும்ப வேண்டும். 32இலும் இப்படிப் பார்த்துக் கொளுக்கியை ஏற்றி இறக்குங்கள். ஒரு கட்டை இறுக்கம், அடுத்தது இளக்கம் என்றிருந்தால் பார்க்காமல் வாசிக்கக் கால் பழகாது.

கறுப்புக் கட்டை என்பது அதே சலாகையின் மேல் 13 செ.மீ. நீளமும் 25 மி.மீ. உயரமும் உள்ள துண்டு ஒட்டியது. முன் விளிம்பை உருட்டிவிடுங்கள். கட்டை மேலும் கீழும் முட்டும் இடங்களில் பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டலாம். அதன்மேல் ஒரு படை கம்பளித் துணி. ரப்பர் மட்டும் என்றால் சூட்டில் இளகி மரத்தில் ஒட்டி, எழும்பும்போது 'டப்' என்று சத்தம் வரும்.

ரீட் சுவிச்

திறந்த செப்புத் தொடுகைகள் கடற்காற்றில் கறள் கட்டும். குருநகர், காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் சொல்லவே வேண்டாம். ரீட்டின் தொடுகை கண்ணாடிக்குள் அடைபட்டிருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. கால்களை வளைக்கும்போது கண்ணாடியிலிருந்து 3 மி.மீ. தள்ளிக் குறட்டால் இறுக்கிப் பிடித்து, குறட்டுக்கு வெளியே வளையுங்கள். நேரே வளைத்தால் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். சில மாதத்தில் அந்தச் சுரம் வராது.

ஒரு பெடலை ஒருமுறை மிதிக்க இரண்டுமுறை சத்தம் வருவதுதான் இந்த வேலையில் அதிகம் காணும் கோளாறு. தொடுகை துள்ளுவதாக நினைத்து நிரலைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். காரணம் காந்தத்தின் நிலை. காந்தத்தின் முகம் ரீட்டின் சரியான நடுவை நோக்கினால் இரண்டு இதழும் ஒரேவிதமாகக் காந்தமேறி ஒன்றையொன்று இழுக்காது. நடுவில் ஒரு செத்த இடம் உருவாகும். கட்டை இறங்கும்போது சுவிச் மூடி, திறந்து, மீண்டும் மூடும். காந்தம் ரீட்டின் ஒரு முனையை நோக்கி நெருங்கும்படி வையுங்கள். பயணத்தின் பாதியில் ஒருமுறை மட்டும் மூடும். மல்டிமீட்டரின் பீப் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே பசை போடுங்கள். பெரிய காந்தம் வாங்கினால் 32 மி.மீ. தள்ளியிருக்கும் அயல் கட்டையின் ரீட்டையும் மூடிவிடும்.

வயரிங்

ஆர்டுயினோ மெகாவின் இரட்டை வரிசைத் தலைப்பில் 22 முதல் 53 வரை சரியாக 32 பின். முதல் பெடல் 22, கடைசிப் பெடல் 53. மிடி எண் 36 முதல் 67. அதாவது பின் இலக்கத்துடன் 14ஐக் கூட்டினால் சுரம். ரீட்டின் ஒரு கால் எல்லாம் சேர்ந்து பொதுத் தரைக்கு, மற்றக் கால் அதனதன் பின்னுக்கு. ஆர்டுயினோவின் உள்ளேயே இருக்கும் புல்-அப் மின்தடை போதும். வெளி மின்தடை தேவையில்லை. ஆனால் அது 20 முதல் 50 கிலோ ஓம் வரையான பலவீனமான இழுவை. 230 வோல்ட் வயருடன் சேர்த்துக் கட்டினால் பொய்ச் சுரம் எழும்பும்.

மிடி வெளியீட்டை 18ஆம் பின்னிலிருந்து எடுங்கள். 0, 1 பின்களை எடுத்தால் நிரல் ஏற்றும்போதெல்லாம் வயரைக் கழற்ற வேண்டிவரும். 18ஆம் பின் 220 ஓம் ஊடாக மிடி சொக்கெட்டின் 5ஆம் முனைக்கு. 5 வோல்ட் இன்னொரு 220 ஓம் ஊடாக 4ஆம் முனைக்கு. தரை 2ஆம் முனைக்கு. வேகம் 31,250. சனல் 3இல் சுரம் தொடங்கும் செய்தி 146, நிறுத்தும் செய்தி 130. அதன்பின் சுர இலக்கம், அதன்பின் வேகம் 100. மலிவு யூ.எஸ்.பி. மிடி வயரில் 'இன்' என்று எழுதியது எந்தப் பக்கத்துக்கு என்பது ஆளுக்கொரு விதம். ஒன்றும் வராவிட்டால் பிளக்கை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

துள்ளலைக் கையாள, முதல் மாற்றத்திலேயே செய்தியை அனுப்பிவிட்டு அந்தப் பின்னை அடுத்த 5 மில்லி செக்கனுக்குக் கவனியாமல் விடுங்கள். 5 மில்லி செக்கன் பொறுத்திருந்து அனுப்பினால் அவ்வளவும் வீண் தாமதம். கருவி தொடங்கும்போது கட்டுப்பாட்டு எண் 123, பெறுமதி 0 என்ற செய்தியை ஒருமுறை அனுப்பினால் தொங்கி நிற்கும் சுரங்கள் அடங்கும்.

ஸ்வெல்

தியேட்டர் ஓர்கன் வாசிப்பில் வலது கால் பெரும்பாலான நேரம் ஸ்வெல்லில்தான். பொட் 300 பாகை சுழலும். மிதி 40 பாகைதான் அசையும். நேரடியாக இணைத்தால் 1,024 படியில் ஏறக்குறைய 136 மட்டும் கிடைக்கும். மிடிக்குத் தேவை 128 படி. ஒப்பேறும், ஆனால் நடுக்கம் கேட்கும். சிறு பற்சக்கரம் அல்லது கப்பி போட்டு இரண்டு மடங்காக்குங்கள். பெறுமதி ஒரு படிக்கு மேல் மாறினால் மட்டும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் கால் அசையாதபோதும் செய்தி கொட்டிக்கொண்டே இருக்கும். தூசி பட்டுப் பொட் கரகரக்கத் தொடங்கினால், காந்தத்தின் நெருக்கத்தை அளக்கும் ஹோல் சென்சரும் ஒரு காந்தமும் அந்த இடத்துக்கு நிரந்தரத் தீர்வு. அதில் உரசும் பாகமே இல்லை.

முழுதாக மூடினாலும் சத்தம் பூச்சியமாகக் கூடாது. நிஜக் கருவியில் மரத் தட்டிகள் மூடினாலும் உள்ளே குழல்கள் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். முழுத் திறப்பிலிருந்து 20 முதல் 25 டெசிபல் குறைய நிறுத்துங்கள்.

ஸ்டொப்புகள்

தொடுதிரையோடு நில்லுங்கள். நிஜத் தாவல் சுவிச்சுகள் அழகுதான். ஆனால் ஒரு பிஸ்டனை (சேமித்து வைத்த ஸ்டொப் சேர்க்கையை அழைக்கும் பொத்தான்) அழுத்தி முழுச் சேர்க்கையையும் மாற்றும்போது அவை தாமாக அசைய ஒவ்வொன்றுக்கும் மின்காந்தம் வேண்டும். கட்டாயம் செய்யத்தான் வேண்டுமென்றால் மரபு நிறம்: நாக்கில்லாத புளூ வகைக் குழல் வெள்ளை, நாக்குள்ள ரீட் வகைக் குழல் சிவப்பு, தந்தி வாத்தியம்போல் ஒலிக்கும் தந்தி வகை மஞ்சள், ஒரு வரிசையை இன்னொன்றுடன் இணைக்கும் கப்ளர் கறுப்பு.

ஸ்பீக்கரும் அறையும்

16 அடி ஸ்டொப்பின் மிகக் கீழ் 'சி' 32.7 ஹேர்ட்ஸ். கடைகளில் 'ஹோம் தியேட்டர்' என்று விற்கும் சிறிய வூபர்கள் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாச் சுரத்துக்கும் ஒரே உறுமலைத்தான் தரும். 10 அல்லது 12 அங்குல சப்வூபர் ஒன்றும் 8 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் குறைந்தபட்சம். நான்கு வெளியீடு உள்ள ஒலி அட்டையும் கிராண்ட் ஓர்க்கும் இருந்தால் ரிபியாவை ஒரு சோடிக்கும் தந்தி, ரீட் வகைகளை இன்னொரு சோடிக்கும் பிரித்து விடுங்கள். ஆழமாக நடுங்கும் ரிபியா ஒரே கோனில் மற்றவற்றுடன் சேரும்போது எல்லாம் கலங்கிவிடும்.

நம் வீடுகளில் சீமெந்துத் தரை, சாந்து பூசிய சுவர், எதிரொலி இலவசம். ஸ்பீக்கரை வாசிப்பவரை நோக்கி வைக்காமல் சுவரின் மூலையை நோக்கித் திருப்புங்கள். குழல் அறையிலிருந்து வருவதுபோல் சத்தம் பரவும். மென்பொருளின் செயற்கை எதிரொலியை அதன்பிறகு பாதிக்குக் கீழே குறைக்கலாம்.

ஆனால் 12 அடி அறையில் 48 ஹேர்ட்ஸ் அளவில் நிலையலை எழும்பும். 16 அடி ஸ்டொப்பில் முதல் ஸ்தாயி 'எப் ஷார்ப்', 'ஜி' இரண்டும் யன்னலை அதிரவைக்கும். பக்கத்துச் சுரங்கள் கேட்காது. ஈக்குவலைசரில் தொடுமுன் சப்வூபரை மூலையிலிருந்து சுவர் நீளத்தின் கால்பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். விறாந்தைக் கதவைத் திறந்து வைத்தாலும் குறையும். பிறகு மிச்சம் இருப்பதை மட்டும் ஈக்குவலைசரில் வெட்டுங்கள்.

ட்ரெமுலன்ட்

செக்கனுக்கு 6 முதல் 7 நடுக்கம். சத்தம் மட்டும் கூடிக் குறைந்தால் போதாது. சுருதியும் சேர்ந்து அசைய வேண்டும். ரிபியாவுக்கு ஆழமாக, தந்திக்கு மெல்லியதாக. முக்கியமானது, ரிபியாவும் வொக்ஸ் ஹியுமனாவும் (மனிதக் குரலை நினைவூட்டும் குழல் வகை) ஒரே வேகத்தில் ஒன்றாக நடுங்கக் கூடாது. ஒன்றை 6.2, மற்றதை 6.6 என்று பிரித்து வையுங்கள். எல்லாம் ஒரே அலையில் ஆடுவதுதான் மலிவுக் கருவிகளைக் காட்டிக்கொடுப்பது. சோலோவில் ரிபியா 8, 4, வொக்ஸ் 8. கீழே புளூட் 8, ஒரு தந்தி 8. பெடலில் போர்டன் (ஆழமான புளூட் வகை) 16, புளூட் 8. பழைய மெல்லிசைப் பாடல்கள் இந்தச் சேர்க்கையில் நன்றாக உட்காரும். கமகத்தை எதிர்பார்க்காதீர்கள், ஆர்மோனியத்துக்குள்ள குறை இதற்கும் உண்டு.

மின்சாரம், மழை, பிராணிகள்

கொன்சோலுக்குள் 230 வோல்ட்டை ஓடவிட வேண்டாம். 5, 12 வோல்ட் அடாப்டர்களை வெளியே ஒரே பலகையில் வைத்து, ட்ரிப் சுவிச் உள்ள சொக்கெட்டில் செருகுங்கள். கணினியும் அம்பிளிபயரும் வெவ்வேறு சொக்கெட்டில் இருந்தால் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வரலாம். அதை நிறுத்த எர்த் முனையை வெட்டுவது உயிராபத்து. இரண்டையும் ஒரே பலகைக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் போகாவிட்டால் ஒலி வயரில் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் போடுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழைக்கு முன்பே பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை ஓப் பண்ணுவது மட்டும் காணாது. கொன்சோலின் பின்பக்கத்தை நுளம்பு வலையால் மூடுங்கள்: காற்றுப் போகும், பல்லி போகாது. எலி பெடல் வயரைக் கடிக்கும் வீடு என்றால் வயர்களை பி.வி.சி. குழாய்க்குள் விடுங்கள். பூச்சி உருண்டை உள்ளே போட வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்ரிக்குகளை இளக்கும்.

மழைக்காலத்தில் ஒரு பெடல் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தால் வயரைத் தேடுமுன் அந்தக் கட்டையைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் நின்றால் சீப்புப் பள்ளத்தில் மரம் பிடித்திருக்கிறது: பிடித்த பக்கத் தோலைக் கழற்றி, மரத்தை அரை மி.மீ. அரத்தால் சீவி, தோலைத் திரும்ப ஒட்டிய பிறகு மெழுகுதிரியைத் தேயுங்கள். நிற்காவிட்டால் ரீட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விடும், ஆனால் அது மீண்டும் ஒட்டும், அன்றே மாற்றிவிடுங்கள்.